முட்டைச் சுவரின் கதை

உத்திரமேரூர் என்றாலே எல்லோருக்கும் குடவோலைதான் நினைவுக்கு வரும். காஞ்சிபுரத்திலிருந்து தெற்கே சுமார் 30 கிலோமீட்டரில் உள்ள இந்த ஊரின் வைகுண்டப் பெருமாள் கோயிலில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில் (கி.பி. 919, 921) வெட்டிய கல்வெட்டுகள் இருக்கின்றன. ஊர்ச் சபைக்கு யார் நிற்கலாம், யார் நிற்கக் கூடாது என்பதெல்லாம் அதில் உண்டு. சொந்த மனையில் வீடு கட்டியிருக்க வேண்டும் என்பதும் ஒரு தகுதி. (அந்த வீட்டுச் சுவர் எப்படிப் பூசப்பட்டிருக்க வேண்டும் என்று மட்டும் விதி போடவில்லை!)

வருகிறவர்கள் எல்லோரும் கல்லைப் படம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். அதே ஊரில், சுந்தரவரதப் பெருமாள் கோயிலைக் கொஞ்சம் தலையை நிமிர்த்திப் பார்த்தால் வேறு ஒரு சரித்திரம் தெரியும். இரண்டாம் நந்திவர்ம பல்லவன் காலத்தில், அதாவது எட்டாம் நூற்றாண்டில் உருவான ஊர் இது. இந்தக் கோயிலில் நின்ற கோலம், இருந்த கோலம், கிடந்த கோலம் என்று மூன்று தளங்களில் பெருமாள். அடித்தளம் கருங்கல். மேலே செங்கல்லும் சுதையும். கல்லில் எழுத்து நின்றுவிட்டது. சுதை அப்படி இல்லை, தலைமுறைக்கு ஒருமுறை உதிரும், மறுபடியும் பூசுவார்கள். அதனால்தான் கல்லுக்கு இருக்கிற வரலாறு பூச்சுக்கு இல்லாமல் போய்விட்டது. பூசியவன் பெயர் அடுத்த பூச்சுக்கு அடியில் போய்விடுகிறது.

இத்தனைக்கும் தமிழ்நாட்டில் சுண்ணாம்புப் பூச்சு கல் கோயிலைவிட மூத்தது. நக்கீரர் பாடிய நெடுநல்வாடையில் அரசியின் படுக்கை அறை வருகிறது. வெள்ளியைப் போல ஒளிரும் சுதை, நீலமணி போன்ற தூண்கள், செம்பினால் செய்தது போன்ற சுவர், அதன்மேல் பூங்கொடி ஓவியம் என்று புலவர் வர்ணித்துக்கொண்டே போவார். கவிஞரின் மிகை கொஞ்சம் இருக்கலாம். ஆனால் சுவர் பளபளக்க வேண்டும், அதன்மேல் அலங்காரம் வேண்டும் என்ற ஆசை அப்போதே இருந்தது என்பதில் சந்தேகமில்லை.

அடுத்த சாட்சி இன்னும் சுவாரசியமானது. விழுப்புரம் மாவட்டத்து மண்டகப்பட்டில் மகேந்திரவர்ம பல்லவன் ஒரு குடைவரை எடுத்தான். செங்கல், மரம், உலோகம், சுதை எதுவும் இல்லாமல் எடுத்த கோயில் என்று அங்கே சமஸ்கிருதத்தில் பெருமையாக வெட்டி வைத்திருக்கிறான். சுதை இல்லாமல் கட்டியது ஒரு பெருமை என்றால், அதுவரை சுதை இல்லாமல் யாரும் கட்டவில்லை என்றுதானே பொருள்? ஏழாம் நூற்றாண்டில் கொத்தர் வேலை என்றாலே சுண்ணாம்பு வேலைதான் என்பதற்கு இதைவிட நல்ல ஆதாரம் வேண்டியதில்லை.

கல்லுக்கு மாறிய பிறகும் சுண்ணாம்பை விட்டுவிடவில்லை. சுமார் கி.பி. 700-ஐ ஒட்டி ராஜசிம்மன் எடுத்த காஞ்சி கைலாசநாதர் கோயிலில், மணற்கல் சுவரின்மேல் மெல்லிய சுண்ணாம்புப் பூச்சு கொடுத்து அதில் ஓவியம் தீட்டினார்கள். பின்னால் வந்தவர்கள் அதன்மேல் காரையைப் பூசி மூடினார்கள். 1931-ல் பிரெஞ்சு ஆய்வாளர் ழுவோ துப்ரேய் அந்த ஓவியங்களைக் கண்டுபிடித்தார். அதே ஆண்டில் தஞ்சைப் பெரிய கோயிலின் சோழர் ஓவியங்களை எஸ்.கே. கோவிந்தசாமி கண்டெடுத்தார். அங்கே மூடியிருந்தது நாயக்கர் காலத்துப் பூச்சும் ஓவியமும். பிறகு சென்னை அருங்காட்சியகத்தின் வேதியியலாளர் எஸ். பரமசிவன் இந்தப் பூச்சுகளைச் சோதனைக்கு எடுத்துக்கொண்டார். அழகு பார்க்கிறவர்கள் நிறத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அவர் அடியில் இருந்த காரை எத்தனை அடுக்கு, ஈரத்தில் வரைந்ததா காய்ந்த பின் வரைந்ததா என்று பார்த்தார். பூச்சையும் ஒரு வரலாற்று ஆவணமாகப் படிக்கலாம் என்று காட்டியவர்களில் அவர் முக்கியமானவர்.

கோயிலிலிருந்து இனி வீட்டுக்கு வரலாம். உத்திரமேரூர் வட்டாரம் ஆங்கிலேயர் காலத்தில் செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தது. 1763-ல் ஆற்காட்டு நவாப் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்த நிலப்பகுதி அது. சென்னைப் பட்டணத்தின் புழக்கடை என்றே சொல்லலாம். இந்தத் தொண்டை மண்டலத்துக் கொத்தர்கள் கோயிலிலும் சத்திரத்திலும் செய்துவந்த வேலையைத்தான் கம்பெனிக்காரர்கள் தங்கள் பங்களாக்களில் செய்யச் சொன்னார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'மெட்ராஸ் சுனம்'. சுனம் என்பது வேறொன்றுமில்லை, நம் சுண்ணம்தான்.

வில்லியம் ஹாட்ஜஸ் என்ற ஓவியர், கேப்டன் குக்கின் இரண்டாவது கடற்பயணத்தில் கூடப் போனவர், பிற்பாடு சென்னைக்கு வந்தார். 1793-ல் வெளியான தம் பயண நூலில், கடலிலிருந்து பார்க்கும்போது கோட்டைக்குள் இருக்கும் வீடுகள் சலவைக்கல்லுக்குச் சமமாக மின்னுவதையும், கிரேக்க நகரம் ஒன்றைப் பார்ப்பதுபோல் இருப்பதையும் எழுதியிருக்கிறார். உலகம் சுற்றியவர் வாயிலிருந்து வந்த பாராட்டு இது. அவர் பார்த்தது சலவைக்கல் இல்லை. செங்கல் சுவரின்மேல் கிளிஞ்சல் சுண்ணாம்பு.

இந்தப் பளபளப்புக்கு என்ன காரணம் என்று இன்று யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும். "முட்டை சார், அந்தக் காலத்துல முட்டை வெள்ளைக்கருவை ஊத்திப் பூசினாங்க." செட்டிநாட்டு வீடுகளைச் சுற்றிக்காட்டுகிறவர்களும் இதைத்தான் சொல்கிறார்கள். இது பொய்யில்லை. ஆனால் முழு உண்மையும் இல்லை. அதை அளந்து பார்க்க நல்ல வேளையாக இரண்டு பழைய பதிவுகள் இருக்கின்றன.

முதல் பதிவு ஐசக் பைக் என்பவருடையது. செயின்ட் ஹெலினா தீவின் கவர்னர். சென்னையில் எப்படிக் காரை செய்கிறார்கள் என்று அவர் எழுதியதை, வால் நட்சத்திரப் புகழ் எட்மண்ட் ஹாலி மூலமாக லண்டன் ராயல் சொசைட்டி 1730-களின் தொடக்கத்தில் தன் இதழில் வெளியிட்டது. 15 புஷல் மணல், 15 புஷல் சுண்ணாம்பு, 20 பவுண்டு (சுமார் 9 கிலோ) வெல்லம். வெல்லத்தைத் தண்ணீரில் கரைத்துத் தெளித்து இடிக்க வேண்டும். பயறு வேகவைத்த கஞ்சி, கடுக்காய் கொதிக்க வைத்த நீர் இரண்டையும் சேர்க்க வேண்டும். நயமான பூச்சுக்கு மட்டும் முட்டை வெள்ளைக்கரு, நெய், மோர். நியூட்டனின் நண்பர் ஒருவர் நம் ஊர் கடுக்காய்த் தண்ணீரைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தார் என்று நினைத்தால் வேடிக்கையாகத்தான் இருக்கிறது.

இரண்டாவது பதிவு இதைவிட விரிவானது. காரைகளைப் பற்றிப் பிரெஞ்சுக்காரர் விகா எழுதிய நூலை, மெட்ராஸ் இன்ஜினியர்ஸ் படைப்பிரிவின் கேப்டன் ஜே.டி. ஸ்மித் 1837-ல் ஆங்கிலத்தில் கொண்டுவந்தார். கூடவே சென்னையில் தாம் பார்த்த பூச்சு வேலையைப் பற்றியும் எழுதிச் சேர்த்தார். அதன்படி மூன்று பூச்சு. முதல் பூச்சு அரை அங்குலக் கனத்தில், சுண்ணாம்பும் மணலும் வெல்லத் தண்ணீர் விட்டது. அது காய்ந்தபின் இரண்டாவது, மணல் குறைத்து. மூன்றாவதுதான் முகப்பூச்சு. சுத்தமான வெள்ளைக் கிளிஞ்சல் சுண்ணாம்பு நான்கு பங்குக்கு நயமான வெள்ளை மணல் ஒரு பங்கு. இதை அப்படியே பூச முடியாது. பெண்கள் கருங்கல் பலகையில் குழவியை வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக, விரலில் நெருடாத வெண்ணெய்ப் பதம் வரும்வரை அரைத்துக் கொடுப்பார்கள். நம் வீட்டு அம்மியில் சட்னி அரைப்பது போலத்தான், அளவு மட்டும் ஒரு மாளிகைக்கு!

அந்த விழுதில்தான் வெள்ளைக்கரு, நெய், தயிர் சேர்கிறது. (ஆங்கில ஆவணங்களில் தயிரை 'டயர்' என்று எழுதியிருப்பார்கள். விவரம் தெரியாத பொறியியல் மாணவர் படித்தால் சுண்ணாம்பில் ரப்பர் சக்கரத்தைப் போட்டார்களோ என்று திகைத்துப்போவார்.) சிலர் பலப்பம் அரைத்த மாவையும் சேர்ப்பார்கள். சிலேட்டில் எழுதுகிற அதே பலப்பம், அதாவது மாக்கல். பூசியவுடன் மட்டப்பலகை, பிறகு கரணை, அதற்குப் பிறகு வழவழப்பான படிகக் கல். மெல்லிய துணி மூட்டையில் மாக்கல் தூளைக் கட்டித் தட்டித் தட்டி, கல்லால் தேய்த்துக்கொண்டே இருக்க வேண்டும். சுவர் காய்கிறவரை கை நிற்கக் கூடாது. ஒரு நாளில் எவ்வளவு தேய்த்து முடிக்க முடியுமோ அவ்வளவுதான் அன்று பூச வேண்டும். பிறகும் சில நாட்களுக்குச் சுவர் வியர்க்கும். அந்த ஈரத்தைத் துணியால் ஒற்றி எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

இப்போது முட்டைக் கணக்கு. ஒரு பறைச் சாந்துக்குப் பத்துப் பன்னிரண்டு முட்டை. பழைய சென்னை அளவில் ஒரு பறை என்பது இரண்டு கன அடிக்குச் சற்று மேல், அதாவது சுமார் 60 லிட்டர். ஒரு முட்டையின் வெள்ளைக்கரு ஏறக்குறைய 30 மில்லி. பன்னிரண்டு முட்டைக்கு 360 மில்லி. 60 லிட்டர் சாந்தில் இது நூற்றுக்கு ஒரு பங்குகூட இல்லை! அதுவும் முகப்பூச்சுக்கு மட்டும். அரண்மனை கட்ட ஊர்க் கோழி எல்லாம் முட்டையிட்டது என்ற கதைகளை இந்தக் கணக்கை வைத்துக்கொண்டுதான் கேட்க வேண்டும்.

அப்படியானால் முட்டை வீணா? இல்லை. சேர்மானங்கள் ஒவ்வொன்றுக்கும் வேலை உண்டு. வெல்லம் சுண்ணாம்பு நீரில் கரைவதை அதிகமாக்கும். வெள்ளைக்கருவிலும் தயிரிலும் உள்ள புரதம் சாந்தை ஒட்டவைக்கும், சீக்கிரம் உலர விடாது. நெய்யில் உள்ள கொழுப்பு சுண்ணாம்போடு சேர்ந்து தண்ணீரில் கரையாத ஒருவகைச் சோப்பாக மாறும். அதனால்தான் மேற்பரப்பில் தண்ணீர் ஒட்டாமல் ஓடும். ஆனால் பளபளப்பு என்பது கையிலிருந்து வருவது. கிளிஞ்சலைக் காளவாயில் சுடும்போது கரியமில வாயு வெளியேறுகிறது. தண்ணீர் ஊற்றித் தாளித்தால் கொதித்து நீறுகிறது. சுவரில் பூசிய பிறகு காற்றிலிருந்து அதே வாயுவை மெல்ல வாங்கிக்கொண்டு மறுபடியும் கல்லாகிறது. அப்படிக் கல்லாகத் தொடங்கும் நேரத்தில் நயமான துகள்களைக் கல்லால் அழுத்தித் தேய்த்தால் துளைகள் அடைபட்டு முகம் கண்ணாடியாகிறது. ஒரு மணி நேரம் முந்தினால் குழைந்துவிடும், பிந்தினால் பிடிக்காது. அந்த நேரம் எந்தப் புத்தகத்திலும் இல்லை, கொத்தனாரின் உள்ளங்கையில் இருந்தது.

உலகத்தில் மற்ற இடங்களைப் பார்த்தாலும் இது உறுதிப்படுகிறது. கி.மு. முதல் நூற்றாண்டில் ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ் மணல் சேர்த்த பூச்சு மூன்று, சலவைக்கல் தூள் சேர்த்த பூச்சு மூன்று என்று எழுதினார். வெனிஸ் நகரத்துக்காரர்கள் மறுமலர்ச்சிக் காலத்தில் அந்த வழியை மறுபடி எடுத்துக்கொண்டார்கள். மொராக்கோவில் ததலாக்த் என்ற பூச்சை ஆற்றுக் கூழாங்கல்லால் தேய்த்து, ஆலிவ் எண்ணெய்ச் சோப்புப் போடுகிறார்கள். ராஜஸ்தானில் ஆராயிஷ் பூச்சுக்கு அகேட் கல். சேர்மானம் ஊருக்கு ஊர் மாறுகிறது. நயமான சுண்ணாம்பு, ஒரு வழவழப்பான கல், அலுக்காத ஒரு கை, இந்த மூன்று மட்டும் எங்கும் மாறவில்லை.

ஆனாலும் பெயர் முட்டைக்குப் போனது. ஏன்? முட்டை விலை கொடுத்து வாங்குகிற பொருள். வீட்டுக்காரர் கணக்கில் ஏறும், பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம். நாள் முழுக்கக் குழவி பிடித்த பெண்ணின் கூலியைச் சொல்லி யார் பெருமைப்படப் போகிறார்கள்? சென்னையில் செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தை (1821) கட்டிய டி ஹாவிலாண்ட் பெயர் புத்தகத்தில் இருக்கிறது. உள்ளே தூண்களைத் தேய்த்து மெருகேற்றியவர்கள் பெயர் இல்லை. சென்னையை ஒட்டிய ஓர் ஊருக்கு மட்டும் 'சுண்ணாம்பு கொளத்தூர்' என்று பெயர் நின்றிருக்கிறது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 'அந்தக் காலத்து வீடுகள் எல்லாம்' என்று பெருமூச்சு விடுகிறவர்கள் சொல்வதுபோல, இது எல்லோர் வீட்டுச் சுவரும் அல்ல. உத்திரமேரூரைச் சுற்றியுள்ள கிராமங்களில் பெரும்பாலான மக்கள் வாழ்ந்தது மண் சுவருக்குள். செம்மண்ணும் சாணமும் மெழுகி, பொங்கலுக்கு வெள்ளை அடித்தால் அதுவே அலங்காரம். கண்ணாடிச் சுவர் கோயிலுக்கும், மிராசுதார் வீட்டுக்கும், துரை பங்களாவுக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து பர்மாவிலும் மலேயாவிலும் பொருள் ஈட்டிய நகரத்தார், செட்டிநாட்டில் இதை உச்சத்துக்குக் கொண்டுபோனார்கள். பர்மா தேக்கு, இத்தாலியச் சலவைக்கல் என்று கப்பலில் வந்தவற்றின் பக்கத்தில், உள்ளூர்ச் சுண்ணாம்புச் சுவர் அவற்றுக்குச் சளைக்காமல் நின்றது. இன்றைக்கும் அந்தச் சுவர்களைத் தொட்டால் சில்லென்று இருக்கும். நூறு வருடமாகப் பெயிண்ட் பார்க்காத சுவர்கள் அங்கே உண்டு. மற்றவர்கள் வருடா வருடம் வெள்ளை அடிக்க, அவர்கள் ஈரத் துணியால் துடைத்துவிட்டுப் போய்விட்டார்கள்.

பிறகு சிமெண்ட் வந்தது. இதில் ஒரு விசித்திரம். இந்தியாவில் சிமெண்ட் செய்வதற்கான முதல் முயற்சி 1904-ல் சென்னையில்தான் நடந்தது. அதற்கு மூலப்பொருளாக எடுத்துக்கொண்டது கடல் சிப்பி! அது நிலைக்கவில்லை. 1914-ல் போர்பந்தரில் தொடங்கியதுதான் நிலைத்தது. ஆனாலும் காளவாய்க்குப் போக வேண்டிய சிப்பியே காளவாயை மூடப்போகும் பொருளுக்கு முதலில் போனது என்பது கதை எழுதுகிறவர்களுக்குக்கூட எளிதில் தோன்றாத திருப்பம்.

சிமெண்டைத் திட்டிப் பயனில்லை. அது மறுநாளே இறுகிவிடும். அரைக்க வேண்டாம், ஊற வேண்டாம், தேய்க்க வேண்டாம். மண் சுவரில் இருந்தவர்களுக்குப் பக்கா வீடு கிடைத்ததில் அதற்குப் பங்கு உண்டு. சிக்கல் புதிய வீட்டில் இல்லை, பழைய சுவரில்தான். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உறிஞ்சும், வெயிலில் வெளியே விடும். அதன்மேல் சிமெண்டைப் பூசினால் ஈரம் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். உப்பு பூக்கும், செங்கல் பொடியும், சில வருடங்களில் பூச்சு பாளம் பாளமாகப் பெயர்ந்து விழும். விழும்போது பழைய முகப்பூச்சையும், அதில் ஓவியம் இருந்தால் அதையும் சேர்த்து எடுத்துக்கொண்டுதான் விழும். கைலாசநாதர் கோயிலில் மேலே பூசியிருந்த சுண்ணாம்புக் காரையை அகற்றியபோது அடியில் பல்லவ ஓவியம் கிடைத்தது. சிமெண்ட் பூசிய சுவரில் அப்படி ஒரு கண்டுபிடிப்பை எதிர்பார்க்க முடியாது. திருப்பணி என்ற பெயரில் கிராமக் கோயில்களில் சிமெண்ட் பூசி எனாமல் அடிப்பவர்கள் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. கும்பாபிஷேகத்துக்கு நாள் குறித்தாகிவிட்டது, சுண்ணாம்பு ஊற நேரமில்லை, அவ்வளவுதான்.

மறுபக்கம், நகரத்தில் இதே மெருகுச் சுவர் 'வெனிஸ் பிளாஸ்டர்' என்ற பெயரில் டப்பாவில் வருகிறது. சதுர அடிக்கு இவ்வளவு என்று கணக்கு. சில டப்பாக்களில் உண்மையான சுண்ணாம்பு இருக்கிறது. சிலவற்றில் இருப்பது அக்ரிலிக் பசை, சுண்ணாம்பின் சாயல் மட்டும்தான். செட்டிநாட்டிலும் புதுச்சேரி, ஆரோவில் பக்கத்திலும் பழைய முறையைக் கற்றுக்கொண்டு செய்கிற கொத்தர்கள் இருக்கிறார்கள். முட்டை ஊற்றியும் விரிசல் விட்டுவிட்டதே என்று அங்கலாய்க்கிற வீட்டுக்காரர்களும் இருக்கிறார்கள். பெரும்பாலும் அவர்கள் சுண்ணாம்பைப் புளிக்கவிடாமல், முதல் பூச்சு காய்வதற்குள் அடுத்ததைப் பூசச் சொன்னவர்களாக இருப்பார்கள்.

உத்திரமேரூரிலேயே கைலாசநாதர் கோயில் ஒன்று உண்டு. கல் அடித்தளம், மேலே செங்கல் விமானம். செடியும் மரமும் வேர்விட்டுச் சிதைந்து கிடந்தது. இந்த நூற்றாண்டில் அதைச் சீரமைத்தபோது சிமெண்ட் சேர்க்காமல் சுண்ணாம்புக் காரையையே பயன்படுத்தினார்கள். கடுக்காயை உடைத்து ஊறப்போட்டு, வெல்லத்தைக் கரைத்து, சாந்தை அரைத்து என்று அந்தப் பழைய வேலை முழுவதும் குடவோலைக் கல்வெட்டுக்கு நடந்து போகிற தூரத்தில் நடந்தது. அந்தக் கல்வெட்டைப் பார்க்கப் போகிறவர்கள் இந்த விமானத்தையும் அண்ணாந்து பார்த்துவிட்டு வரலாம். வெயில் சாய்ந்த பிறகு போனால் பூச்சின் நிறம் நன்றாகத் தெரியும்.